கோடி வந்தது தெரியும், சம்பளம் எப்போ வரும்?

ஒரு பேராசிரியருக்கு வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி கிடைத்தால் கல்லூரியில் என்ன நடக்கும் என்று நம்ம எல்லோருக்கும் தெரியும். துறை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். கல்லூரி இன்ஸ்டாகிராமில் நீலப் பின்னணியில் அவர் படம், பக்கத்தில் தொகை. லட்சம் என்றால் சின்ன எழுத்து, கோடி என்றால் பெரிய எழுத்து. கீழே நாற்பது பேர் "கங்கிராட்ஸ் சார்" போட்டிருப்பார்கள். அதுக்கப்புறம் அந்தப் பணம் எங்கே போகிறது, யார் கையெழுத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கிறது, அதை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர் அந்த மாதம் மெஸ் பில் கட்டினாரா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நமக்கு இருந்ததில்லை.

இப்போது இருக்கிறது. நம்ம வகுப்பிலேயே கேட் எழுதிவிட்டு "ஒரு வருஷம் ப்ராஜெக்ட்ல ஜேஆர்எஃப்-ஆ இருந்துட்டு பிஎச்டி போகலாம்னு இருக்கேன்" என்று சொல்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். இது அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு எடுக்கப்போகும் கல்லூரிகளின் நிர்வாகத்துக்காகவும் எழுதுவது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆராய்ச்சி நிதியை நிர்வகிப்பது ஆராய்ச்சியின் ஒரு பகுதி. அதைக் கணக்குப் பிரிவின் ஓரத்து மேஜையில் போட்டுவைத்தால், அதன் செலவை வரிசையில் கடைசியாக நிற்கும் ஆய்வு மாணவர்தான் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, அதாவது டிஎஸ்டி, அல்லது ஏஎன்ஆர்எஃப் போன்ற அமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். (ஏஎன்ஆர்எஃப் புதுசு. 2023-இல் சட்டம் வந்தது. முன்பு செர்ப் என்று சொன்னோமே, அது இதற்குள் போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டிய பணம்.) ஒப்புதல் ஆணையில் மொத்தத் தொகை இருக்கும். அந்தத் தொகைதான் ஃப்ளெக்ஸில் ஏறுகிறது. ஆனால் பணம் மொத்தமாக வருவதில்லை, தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணையும் தலைப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: கருவிகளுக்கு இவ்வளவு, நுகர்பொருட்களுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு. நுகர்பொருள் தலைப்பில் காசு சும்மா கிடக்கிறது, சம்பளத் தலைப்பு காலி என்றாலும் பேராசிரியர் அதை எடுத்து இதில் போட முடியாது. நிதி தந்தவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர வேண்டும்.

அடுத்த தவணை வேண்டுமா? செலவு அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். இந்தச் சான்றிதழை ஆய்வகங்களில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "யூசி" தான். "யூசி போயிடுச்சா?" என்பதற்கு ஆய்வகத்தில் இருக்கும் கனம், "ரிசல்ட் வந்துடுச்சா?" என்பதற்கு நம்ம ஹாஸ்டலில் இருக்கும் கனம். 2017-இன் பொது நிதி விதிகளில் இதற்கு 12-ஏ என்று ஒரு படிவமே உண்டு. முதன்மை ஆய்வாளர், நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் கையெழுத்து வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வேண்டும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அதையும் அரசுக்குத் திருப்பிக் கட்டிய ரசீது வேண்டும். இதில் ஒரு எண் இடறினாலும் கோப்பு திரும்பி வரும். அது திரும்பி வந்து, திருத்தி, மறுபடி மூன்று கையெழுத்து வாங்கி அனுப்புவதற்குள் ஒரு செமஸ்டரே போய்விடலாம்.

சமீப வருடங்களில் இன்னொரு மாற்றம். முன்பு தவணைப் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே வந்து உட்கார்ந்துவிடும். இப்போது பல திட்டங்களில் பூஜ்ய இருப்புக் கணக்கு. பணம் மேலே இருக்கும், நமக்கு "இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்" என்ற வரம்பு மட்டும் தருவார்கள். மார்ச் 31 ஆனால் எடுக்காத வரம்பு காலாவதி. ஏப்ரலில் புது வரம்பு வரும்வரை கணக்கில் ஒன்றும் இருக்காது. பொதுப்பணம் எங்கெங்கோ வங்கிகளில் முடங்கிக் கிடக்கக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது, அந்த நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் ஜேஆர்எஃப்-க்கு வயிறு இருக்கிறது என்பதை இந்த ஏற்பாட்டைப் போட்டவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எனக்கு ஒரு சீனியர் அக்கா. பெயர் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். கேட் மதிப்பெண்ணோடு நீர்த்தர உணரி சம்பந்தமான ஒரு திட்டத்தில் ஜூலையில் சேர்ந்தார். 2023-இல் திருத்திய விகிதப்படி ஜேஆர்எஃப்-க்கு மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐடியில் சேர்ந்த அவர் தோழிக்கே அப்போது அவ்வளவு வரவில்லை. முதல் சம்பளம் எப்போது வந்தது தெரியுமா? டிசம்பரில். நியமன ஆணை ஒரு மாதம் ஓர் அறையில் இருந்தது. புதுக் கணக்கில் அவர் பெயரைச் சேர்க்க ஒரு மாதம். அதற்குள், முந்தைய தவணையின் யூசியில் ஏதோ பொருந்தவில்லை என்று மேலே நிறுத்திவிட்டார்கள். அந்தச் செலவு நடந்தபோது அக்கா அங்கே சேரவே இல்லை! அவர் என்ன செய்வார்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ப்ளஸ் டூ பசங்களுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுத்தார். காலையில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போக பஸ் காசையும் அவரே போட்டார், "பில் வெச்சுக்கோம்மா, பாஸ் பண்ணிடலாம்" என்ற வாக்குறுதியின் பேரில்.

டிசம்பரில் நிலுவை மொத்தமாக வந்தது. ஜனவரியில் அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார், அங்கே கடைசி வேலை நாளில் சம்பளம் வந்துவிடுகிறது. ஏன் விட்டீங்க என்று கேட்டேன். "வேலை பிடிச்சிருந்துதுப்பா. அப்பாகிட்ட அஞ்சாவது தடவ காசு கேக்க முடியல" என்றார். திட்டம் மறுபடி விளம்பரம் கொடுத்தது. அவர் ஆறு மாதம் உட்கார்ந்து சரிசெய்து வைத்த உணரியின் அளவுத்திருத்தத்தைப் புதிதாக வந்தவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒரு காலேஜ் கதைய வச்சு ஊரையே திட்டாதே" என்று சொல்வீர்கள். சரி. 2024-25-இல் டிஎஸ்டியின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் பலருக்கு நாடு முழுவதும் மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று செய்தித்தாள்களில் வந்ததே, அதைப் படித்தவர்கள் இருப்பீர்கள். பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு மூன்று வருடத் திட்டத்தில் ஒற்றை ஆளாக இருக்கும் ஜேஆர்எஃப்-க்காக யார் ட்வீட் போடப் போகிறார்கள்?

இந்த இடத்தில் எல்லோரும் திட்டுவது செக்‌ஷன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அண்ணனை. "அவர் டேபிள்ல ஃபைல் தூங்குது." நான் அந்தப் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். பல கல்லூரிகளில் வெளி நிதித் திட்டங்களுக்கு என்று தனியாக ஆளே கிடையாது. தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம் பார்க்கும் அதே நபர் முப்பது திட்டங்களின் கணக்கையும் பார்ப்பார். ஒவ்வொரு நிதி நிறுவனத்துக்கும் ஒரு தளம், ஒரு கடவுச்சொல், ஒரு படிவம். விதி மாறினால் அவருக்கு யாரும் பயிற்சி தருவதில்லை. பேராசிரியரின் செல்போனுக்கு வந்த பிடிஎஃப்-ஐப் பார்த்துத்தான் அவரும் தெரிந்துகொள்கிறார். இதற்கெல்லாம் மேலே தணிக்கை பயம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் ஆட்சேபணைகள் வருடக்கணக்கில் தீராமல் கிடக்கும். ஓய்வுபெறும் நாளில் அந்தப் பழைய ஆட்சேபணை வந்து ஓய்வூதியப் பலன்களின் குறுக்கே நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த ஒருவர், ஒரு பில்லை வேகமாகப் பாஸ் செய்வாரா, இன்னொரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவாரா? வேகமாகச் செய்தால் யாரும் பாராட்டப்போவதில்லை. தாமதித்தால் யாரும் தண்டிக்கப்போவதில்லை. தப்பாகச் செய்தால் மட்டும் மாட்டுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஃபைலைத் தூங்கத்தான் வைப்பேன்.

பொருள் வாங்கும் கதை இன்னும் சுவாரசியம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு உணரி மூவாயிரம் ரூபாய். காலையில் மெட்ரோவில் போனால் மதியம் கையில் இருக்கும். ஆனால் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பார்கள். கடைக்காரருக்கு இது தெரியும், அவரே கேட்பார்: "மூணா தரட்டுமா தம்பி?" மூன்று லெட்டர்ஹெட், மூன்று விலை, ஒரே பிரிண்டர், ஒரே இடத்தில் ஒரே மாதிரி மை கசிந்த கோடு. எல்லோருக்கும் தெரிந்த நாடகம். விதிப் புத்தகம் திருப்தி அடைந்துவிடும். நேர்மையைக் காப்பாற்ற வந்த விதி, ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

இத்தனைக்கும் மத்திய விதிகளிலேயே சிறிய தொகைக்குக் கொட்டேஷன் கட்டாயமில்லை. 2017-இல் அந்த வரம்பு 25,000 ரூபாய். அறிவியல் நிறுவனங்களுக்கு அதைப் பிறகு ஒரு லட்சமாக்கி, 2025 ஜூனில் இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். கொள்முதல் குழு வைத்து வாங்கும் வரம்பும் 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆனது. ஆராய்ச்சிக்கான சிறப்புக் கருவிகளை அரசின் ஜெம் தளத்துக்கு வெளியே வாங்கவும் நிறுவனத் தலைவருக்கு அதிகாரம் வந்தது. நல்ல மாற்றம், ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காகக் கேட்டது. ஆனால் டெல்லியில் ஏறின வரம்பு நம்ம ஊர்க் கல்லூரி மேஜையில் தானாக இறங்காது. மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் தங்கள் சொந்தக் கொள்முதல் விதிகளைத் திருத்தி, ஒரு சுற்றறிக்கை போட்டால்தான் செக்‌ஷன் அண்ணனுக்கு அது விதி. அதுவரை மூன்று கொட்டேஷன்தான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஆராய்ச்சிக்காக வந்த நிதிக்கு ஜிஎஸ்டி கட்டவில்லை என்று ஐஐடி டெல்லிக்கு 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது, 2024-இல். நிதி கொடுத்ததும் பெரும்பாலும் அரசு, வரி கேட்டதும் அரசு. செப்டம்பர் 2024-இல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி மையங்களும் பெறும் ஆராய்ச்சி நிதிக்கு விலக்குத் தரப் பரிந்துரைத்தது. நல்லவேளை. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் இந்த மாதிரி நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரிந்த ஆட்கள் ஐஐடிக்கு இருப்பார்கள். அதே நோட்டீஸ் ஒரு சாதாரணக் கல்லூரிக்கு வந்திருந்தால் அந்த ஓரத்து மேஜைதான் பதில் எழுதியிருக்கும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு திட்டத்திலும் "ஓவர்ஹெட்" என்று ஒரு தொகை நிறுவனத்துக்கே வருகிறது. மின்சாரம், இடம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம்ம நாட்டில் அரசு நிதித் திட்டங்களில் இது பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்காவில் கதையே வேறு. ஹார்வர்டு போன்ற இடங்களில் நேரடிச் செலவு 100 டாலர் என்றால் அதன்மேல் 69 டாலர் வரை போகும். 2025 பிப்ரவரியில் அங்கே என்ஐஎச் அமைப்பு இதை 15 சதவீதமாக வெட்டப்போவதாக அறிவித்ததும் பல்கலைக்கழகங்களும் மாநிலங்களும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. அவ்வளவு அதிகமாக வாங்குவது நியாயமா என்று அங்கேயே சண்டை இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. நிர்வாகம் என்பதற்கு ஒரு விலை உண்டு என்று அங்கே இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிறது, நமக்கு அதுவே போதும்.

நம்ம பத்து சதவீதம் எங்கே போகிறது? நான் கேட்ட பேராசிரியர்களில் இருவருக்குத் தெரியவில்லை, ஒருவர் சிரித்தார். பொதுக் கணக்கில் கலந்து, வர்ணம் அடிக்கவோ, கருத்தரங்கத்தில் பொன்னாடை போர்த்தவோ போகிறது என்று நினைக்கிறேன். அதை இரண்டு காரியத்துக்கு மட்டும் ஒதுக்கினால் போதும். ஒன்று, வெளி நிதிக்கென்றே வேலை தெரிந்த இரண்டு ஆட்கள். யூசி எப்போது போக வேண்டும் என்று பேராசிரியருக்கு அவர்கள் நினைவூட்ட வேண்டும், அவர் இவர்களைத் துரத்துவதாக இருக்கக் கூடாது. இன்னொன்று, ஒரு சுழல்நிதி. தவணை தாமதமானால் சம்பளத்தை இந்த நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, பணம் வந்ததும் கழித்துக்கொள்வது. பெரிய நிறுவனங்கள் சில இப்படி முன்பணம் கொடுக்கத்தான் செய்கின்றன.

கட்டுப்படி ஆகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், இன்ஜினியரிங் தானே படிக்கிறோம். ஒரு கல்லூரியில் 20 ஜேஆர்எஃப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 37,000 வீதம் 7.4 லட்சம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாலு மாதம் வரவில்லை என்ற மோசமான நிலையிலும் 29.6 லட்சம். 50 லட்ச ரூபாய்த் திட்டம் ஒன்றில் ஓவர்ஹெட் ஏறத்தாழ 5 லட்சம். ஆறு திட்டங்களின் ஓவர்ஹெட்டை ஒருமுறை ஒதுக்கி வைத்தால் விஷயம் முடிந்தது. அதுவும் செலவாகிப் போகிற பணம் இல்லை, திரும்பி வருகிற பணம். 20 ஆய்வாளர்களை வைத்திருக்கும் கல்லூரிக்கு ஆறு திட்டம் கண்டிப்பாக இருக்கும்.

ஒரு பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது நியாயமான ஆட்சேபம் ஒன்று சொன்னார். "தவணை வராமலே போயிட்டா? திட்டத்தையே பாதில நிறுத்திட்டா? அந்தப் பணத்துக்கு யாருப்பா பொறுப்பு?" நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்தால் கல்லூரி சில லட்சம் இழக்கும். இப்போதும் அந்த ஆபத்து இருக்கிறதே சார், அதை இப்போது சுமப்பது யார்? இருப்பதிலேயே குறைவாகச் சம்பாதிப்பவர். கட்டிடமும் வங்கி இருப்பும் உள்ள நிறுவனத்தால் தாங்க முடியாத ஆபத்தை, பிஜியில் பாய் விரித்துப் படுப்பவர் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த துறைக் கூட்டத்தில் கேட்கிறேன் என்றார்.

இதெல்லாம் ஏன் தானாக நடக்கவில்லை என்பதற்குக் காரணம், யாரும் இதை எண்ணுவதில்லை. என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு எத்தனை திட்டம், எத்தனை நிதி நிறுவனம், எவ்வளவு தொகை பெறப்பட்டது என்று கேட்கிறார்கள். நாக் குழுவும் தொகையைப் பார்க்கிறது. பணம் வந்த நாளிலிருந்து முதல் சம்பளம் போக எத்தனை நாள், ஒரு பில் பாஸ் ஆக சராசரியாக எத்தனை நாள், எத்தனை ஜேஆர்எஃப் திட்டம் முடியுமுன் விலகினார்கள் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததற்குக் கல்லூரிகள் ஓடாது. டெல்லிக்காரர்கள் கட்டம் போடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மூன்று எண்ணையும் எந்தக் கல்லூரியும் தன் இணையதளத்தில் நாளைக்கே போடலாம். ஃப்ளெக்ஸ் அடிக்கிற செலவு கூட ஆகாது.

கடைசியாக, ப்ராஜெக்டில் சேரப்போகும் நண்பர்களுக்கு. நேர்காணலில் "எனி கொஸ்டீன்ஸ்?" என்று கேட்டால் பவ்யமாக "நோ சார்" சொல்லாதீங்க. இது எத்தனையாவது தவணை, ஆட்கள் தலைப்பில் இப்போது எவ்வளவு இருக்கு, போன வருஷ யூசி போயாச்சா, திட்டம் எந்த மாதம் முடியுது என்று கேளுங்க. நல்ல பேராசிரியர் கோபிக்க மாட்டார், நாலு வருஷமா யாராவது கேட்க மாட்டாங்களா என்றுதான் அவரும் இருப்பார். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் "நிதி நிறுவனத்திடமிருந்து தொகை பெறப்பட்ட பின்னரே ஊதியம் வழங்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. இருந்தால், போன தடவை எத்தனை மாதம் ஆச்சு என்று ஏற்கனவே அங்கே இருக்கும் சீனியருக்கு ஒரு போன் போடுங்க. அவரும் "வாங்க, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால், கையில் நாலு மாத மெஸ் பில்லுக்குக் காசு வைத்துக்கொண்டு சேருங்க.